வாசகர் கேள்வி – பதில்: நொடித்துப் போன நாட்டை நிமிர்த்த என்ன வழி?

"பொருளாதாரம் சரிந்து கிடக்கும் ஒரு நாட்டின் நிதியமைச்சர் உங்களிடம் வந்து யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கோபம் இருந்தது, கவலை இருந்தது, பல நாள் யோசித்து எழுதிய நிதானமும் இருந்தது. பெரும்பாலான யோசனைகள் கேள்வி வடிவிலேயே வந்திருப்பதால் வழக்கமான கேள்வி – பதில் பகுதியிலேயே அவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் படித்தபோது என் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இந்த யோசனையின்படி நடந்தால் இழப்பு யார் தலையில் விடியும்? ஒரு நாடு நொடித்துப் போகும்போது இழப்பு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது அதை யார் எவ்வளவு சுமப்பது என்கிற தீர்மானம் மட்டுமே என்பதால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எந்த யோசனையையும் எடைபோட முடியாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, பணம் அச்சடிக்கும் எந்திரம் அரசாங்கத்திடமே இருக்கிறது. கடன் எவ்வளவோ அவ்வளவு நோட்டை அச்சடித்து அடைத்துவிட்டால் என்ன? (ஓய்வூதியம் பெறும் ஒரு வாசகர்)

பதில்: உங்களைப் போன்ற ஓய்வூதியர்களே இந்த யோசனையை மற்ற எல்லாரையும்விடக் கடுமையாக எதிர்க்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 ஜெர்மன் மார்க் கொடுத்தால் போதும். 1923 நவம்பரில் அதே ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைப் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் கைப்பற்றியபோது, அதை எதிர்த்து வேலைக்குப் போக மறுத்த தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்தே கூலி கொடுத்தது. அதற்கு முன்பே தளர்ந்திருந்த நாணயம் அதன் பிறகு சில மாதங்களில் அடியோடு வீழ்ந்தது.

அதனால் அரசின் உள்நாட்டுக் கடன் மறைந்துபோனது உண்மைதான். கூடவே, நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து வங்கியில் போட்டு வைத்திருந்த ஒருவரின் கணக்கும் மறைந்தது. பாஸ் புத்தகத்தில் எழுதியிருந்த தொகையில் ஒரு பூஜ்யம்கூடக் குறையவில்லை, ஆனால் அந்தத் தொகை முழுவதையும் எடுத்தாலும் ஒரு தபால்தலை வாங்க முடியாது என்ற நிலை வந்தது. நிலமும் கட்டடமும் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், கடன் வாங்கித் தொழில் செய்தவர்கள் லாபமே பார்த்தார்கள். முழு இழப்பும் சேமித்தவர்கள் மீதும் மாதச் சம்பளக்காரர்கள் மீதும் விழுந்தது. ஜிம்பாப்வே 2009 ஜனவரியில் 100 லட்சம் கோடி டாலர் என்று அச்சிட்ட ஒற்றை நோட்டை வெளியிட்டது. அந்த ஆண்டே தன் சொந்த நாணயத்தைக் கைவிட்டு, பிற நாட்டு நாணயங்களில் வரவு செலவு செய்யத் தொடங்கியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொடித்துப் போகும் நாடுகளை நெரிப்பது பெரும்பாலும் அந்நியச் செலாவணியில் வாங்கிய கடன். டாலரில் வாங்கியதை டாலரில்தான் கட்ட வேண்டும், அதை உள்ளூர் அச்சகத்தில் அடிக்க முடியாது. பொருளை வாங்க ஆளின்றித் தொழிற்சாலைகள் முடங்கி, விலைகள் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் மத்திய வங்கி ஓரளவு பணத்தைப் புழக்கத்தில் விடுவது வேறு விஷயம். அதற்கு நியாயம் உண்டு, 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா அதைச் செய்தது. ஆனால் அது கடனை அடைக்கும் வழி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: வீட்டுக்கு வீடு முடங்கிக் கிடக்கும் தங்கத்தை மக்களே முன்வந்து கொடுத்தால் நாடு கரையேறாதா? என் தாலியைத் தவிர மற்றதைக் கொடுக்க நான் தயார். (ஒரு வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாரும் படித்தோம். நீங்கள் சொல்வது ஒரு நாட்டில் உண்மையாகவே நடந்தது. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் தென் கொரியாவின் அந்நியச் செலாவணி வற்றியபோது, அடுத்த மாதமே அங்கே தங்கம் திரட்டும் இயக்கம் தொடங்கியது. ஏறத்தாழ 35 லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். திருமண மோதிரங்கள், விளையாட்டு வீரர்களின் பதக்கங்கள், குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு உறவினர்கள் போட்ட குட்டி மோதிரங்கள் என்று சுமார் 227 டன் தங்கம் சேர்ந்தது. அதை உருக்கி வெளிநாட்டில் விற்றார்கள். பெரும்பாலோருக்கு அவர்கள் கொடுத்த தங்கத்தின் விலை கொரிய நாணயத்தில் பின்னர் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் விற்பனைதான், முழுத் தானம் என்று கொள்ளக் கூடாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அந்தத் தங்கத்தின் மதிப்பு 200 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியது. சர்வதேச நாணய நிதியத்திடம் மட்டும் கொரியா வாங்கிய கடன் சுமார் 1,950 கோடி டாலர். எனவே தங்கம் கடனை அடைக்கவில்லை. நாணயத்தின் மதிப்பு சரிந்ததால் மலிந்த கொரியப் பொருள்கள் வெளிநாடுகளில் விற்றன, அழுகிப்போன வங்கிகளை அரசு மூடவோ மூலதனம் இட்டுச் சீராக்கவோ செய்தது, கடனில் மூழ்கிய பெரும் தொழிற்குழுமங்களைக் காப்பாற்றுவதில்லை என்று நின்றது. 1999-இல் டேவூ என்னும் மாபெரும் குழுமம் வீழ்ந்தபோது அது உறுதியாயிற்று. கடனை 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, கொரியா அடைத்து முடித்தது.

அப்படியானால் அந்த மோதிரங்கள் வீணா? இல்லவே இல்லை. ஏழையும் தன் பங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான் என்பதைப் பார்த்த பிறகு, பெரும் குழுமங்களின் தலைவர்கள் தங்கள் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லும் தகுதியை இழந்தார்கள். மக்களின் தியாகத்துக்கு நான் காணும் பயன் இதுதான். மேலே இருப்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாட்டில், ஒரு பெண்ணிடம் வளையலைக் கழற்றச் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. உங்கள் தங்கம் உங்களிடமே இருக்கட்டும், அம்மா. நாட்டின் கணக்கு முழுவதையும் வெளியிடச் சொல்லி முதலில் கேளுங்கள்.

மத்திய வங்கி தன் கையிருப்புத் தங்கத்தை அடகு வைப்பது இதிலிருந்து வேறுபட்டது. 1991 ஜூலையில் இந்தியா ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் திரட்டியது. அப்போது நாட்டின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில் இருந்தது. அந்தப் பணம் மூச்சுவிட அவகாசம் மட்டுமே கொடுத்தது. அதே மாதத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டமாகக் குறைக்கப்பட்டு, தொழில் உரிமக் கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டதால்தான் அந்த அவகாசம் வீணாகாமல் போனது.

கேள்வி: இறக்குமதியை அடியோடு நிறுத்திவிட்டால் டாலர் வெளியே போகாதே?

பதில்: ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தையல் வரிசையை நினைத்துப் பாருங்கள். துணி தயார், நூல் தயார், ஆள்கள் தயார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஜிப் வரவில்லை. அந்த ஒரு ஜிப்புக்காக ஆயிரக்கணக்கான மேலாடைகள் அட்டைப் பெட்டிக்குள் போகாமல் மேசைமேல் கிடக்கும், கப்பல் போய்விடும், வாங்குபவர் அடுத்த பருவத்துக்கு வேறு நாட்டைத் தேடிப் போவார். சில காசு டாலரை மிச்சப்படுத்தப் போய் பல டாலர் வரவை இழப்போம். இறக்குமதிப் பட்டியலில் வாசனைத் திரவியமும் சொகுசுக் காரும் மட்டுமே இருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அதில் பெரும்பகுதி எரிபொருள், மருந்து, எந்திரப் பாகம், மூலப்பொருள் ஆகியவைதான்.

இலங்கை 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. இயற்கை வேளாண்மை என்று காரணம் சொல்லப்பட்டாலும், கரைந்துகொண்டிருந்த டாலர் கையிருப்பும் பின்னணியில் இருந்தது. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிபட்டது. உரத்துக்குக் கொடுக்காத டாலரை அரிசி வாங்கக் கொடுக்க நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் ஒரு போகம் போனது போனதுதான். அவசர காலத்தில் ஆடம்பரப் பொருள்களுக்குச் சில மாதங்கள் தடை விதிப்பதை நான் எதிர்க்கவில்லை. அதை ஒரு கொள்கையாக நீட்டிக்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

கேள்வி: அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையும் சலுகையையும் பாதியாக வெட்டினாலே போதுமே?

பதில்: வெட்ட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் வட்டி, அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், மானியம் ஆகியவைதான் பெரும் பகுதி. இந்த வெட்டால் கிடைப்பது சிறு தொகையே என்பதை அறிந்துகொண்டு, மற்றவர்களிடம் தியாகம் கேட்கும் தகுதிக்காக அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று கைவிரித்துவிட்டால் என்ன ஆகும்? அவர்கள் படையெடுத்தா வருவார்கள்? (சட்டம் பயிலும் மாணவர்)

பதில்: படை வராது. ஆனால் அர்ஜென்டினாவின் கதையைக் கேளுங்கள். 2001 டிசம்பரில் அந்த நாடு 9,000 கோடி டாலருக்கும் அதிகமான கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு, வாரத்துக்கு 250 பெசோ மட்டுமே எடுக்கலாம் என்ற வரம்பு வந்திருந்தது. டாலருக்கு ஒரு பெசோ என்று பத்தாண்டுகளாகக் கட்டிவைத்திருந்த மதிப்பு அடுத்த மாதம் அவிழ்ந்தது. டாலரில் சேமித்தவர்களின் பணம், ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்ற கணக்கில் கட்டாயமாக மாற்றப்பட்டது. வெளியே டாலரின் விலை அந்த ஆண்டே மூன்று பெசோவைத் தாண்டியது. 2002-இல் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போனார்கள். மூடிய வங்கிக் கதவுகளின் முன் சட்டியையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு நின்றவர்கள் பெரும் முதலீட்டாளர்கள் அல்லர், சாதாரணக் குடும்பத்தினர்.

கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 2005-லும் 2010-லும் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாத சிலர் நீதிமன்றம் நீதிமன்றமாகத் துரத்தினார்கள். 2012-இல் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பலான லிபெர்தாத், கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் அப்படியொரு வழக்கில் சில வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டது. வழக்கு ஓய்ந்தது 2016-இல்.

இதனால் என்ன பாடுபட்டாலும் கடனைக் கட்டியே தீர வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறான தவறையும் ஒரு நாடு செய்தது. 2022 ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்குமே டாலர் போதாது என்று தெரிந்திருந்தும், இலங்கை 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை முழுவதுமாக அடைத்தது. மூன்றே மாதங்களில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அந்த நாள்களில் எரிபொருள் வரிசையில் காத்து நின்ற முதியவர்கள் சிலர் சுருண்டு விழுந்து இறந்தார்கள். பத்திரம் வைத்திருந்தவருக்குப் போன டாலரும் வரிசையில் நின்றவருக்குக் கிடைக்காத டாலரும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

சரியான வழி, பெட்டியில் கொஞ்சம் இருக்கும்போதே கடன் கொடுத்தவர்களை ஒரே மேசைக்கு அழைத்துக் கணக்கைக் காட்டி, தள்ளுபடியும் தவணையும் கேட்பது. அதில் அவமானம் எதுவுமில்லை. 1953-இல் லண்டனில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறத்தாழ பாதி தள்ளுபடியாயிற்று, மீதிக்கு நீண்ட தவணை கிடைத்தது. போரில் அந்த நாட்டால் சூறையாடப்பட்ட கிரேக்கமும் அதில் ஒப்பமிட்டவர்களில் ஒன்று. கடனாளி பிழைத்து எழுந்தால்தான் கொடுத்தது திரும்பும் என்பதை அன்று கொடுத்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். சட்டம் பயிலும் நீங்கள், கடன் பத்திரங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும் என்ற விதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் பல ஆண்டுகள் மிச்சமாகும் அல்லது வீணாகும்.

கேள்வி: கறுப்புப் பணத்தைப் பிடித்தால் எல்லாக் கடனும் தீருமே, ஏன் எந்த அரசும் செய்வதில்லை?

பதில்: கறுப்புப் பணம் மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கடியில் இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து நாம் முதலில் விடுபட வேண்டும். 2016 நவம்பர் 8 அன்று இந்தியா, புழக்கத்தில் இருந்த நோட்டுகளில் மதிப்பளவில் 86 சதவீதத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னர் அறிக்கை கொடுத்தது. வரி ஏய்த்த செல்வம் நிலமாகவும் பினாமிப் பெயரில் கட்டடமாகவும் வெளிநாட்டு நிறுவனப் பங்காகவும் உருமாறிக் கிடக்கிறது. வங்கி வாசலில் நாள் கணக்கில் நின்றவர்கள் அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள்.

ஒரே நாளில் பிடித்துவிடும் வேட்டையைவிட, ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக வரி வசூலாகும் ஏற்பாட்டையே நான் நம்புகிறேன். ஜார்ஜியா நாட்டில் 2003-இல் ஆட்சி மாறிய பிறகு, 21 ஆக இருந்த வரி வகைகள் சில ஆண்டுகளில் 6 ஆகச் சுருக்கப்பட்டன. விகிதங்கள் குறைந்தன, லஞ்சம் வாங்கிய அதிகாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் வரியின் பங்கு ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. மாறாக, இலங்கை 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு பல வரிகளும் நீக்கப்பட்டன. மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டே 8 சதவீத அளவுக்கு இறங்கியது. நெருக்கடி முற்றிய பிறகு அதே வரியை 18 சதவீதமாக ஏற்ற நேர்ந்தது. வரி குறைந்தபோது அதிகம் பயனடைந்தவர் அதிகம் சம்பாதித்தவர். வரி ஏறியபோது அதிகம் நொந்தவர், வருமானம் முழுவதையும் கடைப் பொருளுக்கே செலவிடுபவர். பொருளின் விலையோடு சேர்ந்து வரும் மறைமுக வரியை ஏற்றுவது எளிது, கண்ணுக்கும் தெரியாது. அதனாலேயே எந்த நிதியமைச்சரும் அதை முதலில் தொடுகிறார். சொத்துவரி, வருமான வரி ஆகியவற்றை வசூலிக்க வலியவர்களின் கதவைத் தட்ட வேண்டும்.

கேள்வி: நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களை விற்றுவிடலாமா?

பதில்: சிலவற்றை விற்கலாம், பலவற்றைச் சீராக்கலாம். ஆனால் நெருக்கடியின் நடுவில் அவசர அவசரமாக விற்பவருக்கு நல்ல விலை கிடைத்ததில்லை. 1995-இல் ரஷ்ய அரசு கடனுக்கு ஈடாக எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகளை வைத்தது, அவை சொற்ப விலைக்குச் சிலர் கைக்குப் போயின. விற்பதாக இருந்தால் வெளிப்படையான ஏலம், முன்கூட்டியே வெளியிட்ட கணக்கு, தொழிலாளர்களுக்கான ஏற்பாடு ஆகிய மூன்றும் வேண்டும்.

கேள்வி: நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வங்கி வழியாகவே பணம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டால் டாலர் சேராதா?

பதில்: சட்டம் போட்டுப் பார்த்தவர்கள் தோற்றார்கள். அரசு நிர்ணயித்த டாலர் மாற்று விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி பெரிதானால், பணம் வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல், ஹவாலா வழியாகவே போகும். இரவு பகலாக உழைத்துச் சேர்த்ததில் ஒரு பங்கை, செயற்கையான ஒரு விலைக்காக விட்டுக்கொடு என்று உங்களிடம் கேட்பது நியாயமும் இல்லை. இலங்கைக்கு 2020-இல் வங்கி வழியாக 700 கோடி டாலருக்கு மேல் வந்தது, 2022-இல் 400 கோடிக்கும் கீழே போனது. மாற்று விலையைச் சந்தைக்கு விட்ட பிறகு, 2023-இல் ஏறத்தாழ 600 கோடியாக மீண்டது.

கேள்வி: நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. விலைவாசி ஏறிய பிறகு என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே வராதவர் குறி கூடிக்கொண்டே போகிறது. முதலில் திங்கள், வெள்ளி மட்டும் வராத பிள்ளைகள் இப்போது வாரம் முழுவதும் வருவதில்லை. பொருளாதாரம் எனக்குத் தெரியாது. சிக்கனம் பிடிக்கும் அரசு கடைசிவரை எதை வெட்டக் கூடாது என்று சொல்லுங்கள்.

பதில்: உங்கள் பதிவேட்டில் இருப்பதும் பொருளாதாரம்தான். வந்த கடிதங்களிலேயே நான் மிக அதிக நேரம் செலவிட்டது இதோடுதான்.

1998-இல் இந்தோனேசியா சரிந்தபோது, மே மாதத் தொடக்கத்தில் எரிபொருள் விலையை அரசு ஒரேயடியாக ஏற்றியது. கலவரம் வெடித்து ஆயிரம் பேருக்கு மேல் பலியானதாகச் சொல்லப்படும் அந்த மாதத்திலேயே, 32 ஆண்டுகள் ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். அதே ஆண்டு அதே நாடு மற்றொன்றையும் செய்தது. ஏழைக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் அரிசி கொடுத்தது, பிள்ளைகள் படிப்பை விடாமலிருக்க உதவித்தொகை தந்தது, பள்ளிகளுக்கு நேரடியாக நிதி அனுப்பியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பார்கள் என்று அஞ்சியிருந்தார்கள், அஞ்சிய அளவுக்கு அது நடக்கவில்லை. நொடித்துப் போன ஒரு நாட்டால் இதற்குப் பணம் ஒதுக்க முடிந்தது என்பதை, "இப்போது காசில்லை" என்று சொல்லும் எவரிடமும் நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

எனவே என் பதில்: பள்ளி, பள்ளியில் கிடைக்கும் உணவு, தாய்க்கும் சேய்க்கும் வேண்டிய மருந்து, அன்றாடக் கூலிக்காரரின் அடுப்பெரிய ஒரு நேரடி உதவித்தொகை. சாலையை இரண்டு ஆண்டு கழித்துப் போடலாம், கட்டடத்தைப் பாதியில் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். மூன்றாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளை, பொருளாதாரம் மீண்ட பிறகு மூன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. உங்கள் பதிவேட்டின் சென்ற ஆண்டுப் பக்கத்தையும் இந்த ஆண்டுப் பக்கத்தையும் மாத வாரியாக எண்ணி, பெயர்களை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். இதைப் படிக்கும் மற்ற ஆசிரியர்களும் அப்படியே அனுப்பினால், அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அந்த எண்களை வெளியிடுகிறோம்.